சாம்பல் வல்லூறின் கடைசிப் பாகம்

"ஒரு பொருள் திருட்டுப் போயிருக்கு சார். போலீசுக்குப் போனா என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க. அதான் உங்ககிட்ட வந்தேன்."

இவ்வாறு சொல்லிவிட்டு, கண்ணாடிக் கடைக்காரர் தம் துணிப்பையிலிருந்து ஒரு வீடியோ கேசட்டை எடுத்து மேசைமீது வைத்தார். அது அடர்நீல நிறத்தில் இருந்தது. அந்தக் கடைத்தெருவில் பாதிப் பேருடைய மூக்கின்மீது அமர்ந்திருப்பவை அவர் செய்து கொடுத்த கண்ணாடிகளே. அன்று அவருடைய சொந்தக் கண்ணாடி மட்டும் கோணலாக நின்றது.

கேட்டுக்கொண்டிருந்தவரை அந்தப் பகுதியில் எல்லோரும் சர்வேயர் என்றே அழைப்பார்கள். காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்காக, தீப்பிடித்த கிடங்குகளையும் பூட்டுடைந்த கடைகளையும் நேரில் சென்று பார்வையிட்டு, நடந்தது இன்னது என்று சொல்லும் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு அருகில் நாற்காலியின் நுனியில் அமர்ந்திருந்தவர் அவருடைய மருமகள். மருந்துக் கடையில் பணிபுரியும் அவர், மாமனாரைத் தேடி யாராவது சிக்கலோடு வந்தால் உடனே கடைக்கு விடுப்புச் சொல்லிவிடுவார்.

"இதையா திருடிட்டாங்க?" என்றார் மருமகள்.

"இல்லம்மா. இதை வச்சிட்டு அதை எடுத்துட்டாங்க."

"எதை?"

கண்ணாடிக்காரர் அந்தப் பெயரைச் சொல்வதற்கு முன் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "சாம்பல் வல்லூறு. கடைசிப் பாகம்."

அது அட்டை மலைகளையும் வாடகைக் குதிரைகளையும் வைத்து, மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட ஒரு பழைய தொடர்படம். வாரம் ஒரு பாகமாகத் திரையரங்குகளில் காட்டினார்கள். ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் வல்லூறு என்று பெயர் சூடிய முகமூடி உருவம் வண்டியோடு பள்ளத்தில் விழும். அடுத்த வாரமோ, வண்டி விழுவதற்கு முன்பே அது வெளியே குதித்துவிட்டதாகக் காட்டுவார்கள். கண்ணாடிக்காரரும் அவருடைய அக்காவும் சிறு வயதில் சனிக்கிழமைதோறும் சென்று பார்த்தவர்கள். அக்கா இருக்கைமேல் ஏறி நின்று, "பொய்! போன வாரம் குதிக்கவே இல்ல!" என்று திரையை நோக்கிக் கத்துவாராம். கடைசிப் பாகம் வருவதற்குள் அப்பாவுக்கு வேலை மாற்றலாகி, குடும்பம் வேறு ஊருக்குப் பெயர்ந்தது. முகமூடிக்குள் இருந்தவர் யார் என்பது இருவருக்கும் தெரியாமலே போயிற்று.

"பள்ளிக்கூட வாத்தியார்னு நான் சொல்லுவேன். தந்தி ஆபீஸ் பொண்ணுன்னு அக்கா சொல்லுவா. இதுக்காக நாங்க அடிச்சுக்கிட்டு ரத்தம்கூட வந்திருக்கு சார். தலை நரைச்சும் அந்தச் சண்டை தீரல."

"மத்த பாகமெல்லாம் உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டார் சர்வேயர்.

"ஒண்ணொண்ணாத் தேடிச் சேர்த்துட்டேன். ஞாயித்துக்கிழமை ஆனா அக்கா வீடுதான். திரைச்சீலையை இழுத்துவிட்டு, தியேட்டர் மாதிரி இருட்டாக்கிட்டு ஒரு பாகம் போடுவோம். கடைசிப் பாகம் மட்டும் எங்கயும் ஆப்பிடல. போன புதன்கிழமை ஒருவழியாத் தபால்ல வந்துச்சு."

"உடனே பார்த்துட்டீங்களா?"

"அக்கா இல்லாமயா? பெட்டியைத் திறந்து, கேசட் ஜன்னல் வழியா நாடாவை மட்டும் பார்த்தேன். முழுக்க வலது பக்கம் சுருண்டிருந்துச்சு. அனுப்பினவரும் நம்ம ஜாதிதான்னு சந்தோஷப்பட்டேன்."

மருமகள் புருவத்தை உயர்த்தினார். கண்ணாடிக்காரர் பணிவோடு விளக்கினார். "சேகரிக்கிறவங்களைச் சொன்னேம்மா. நாங்க பார்த்து முடிச்சதும் திருப்பிச் சுத்த மாட்டோம். ஓடி முடிஞ்சபடியே வச்சிடுவோம். சுருள் சீரா இருக்கும், நாடா கெடாது. மறுபடி பார்க்கிறப்பதான் ரீவைண்ட். என் கையில இருந்தா ஆசை தாங்காம போட்டுடுவேன்னு, அன்னைக்கே அதை அக்கா வீட்டு ஹால்ல கொண்டுபோய் வச்சேன்."

"ஞாயித்துக்கிழமை?"

"இருட்டுலயே பெட்டியைத் திறந்து டெக்குல போட்டேன். ரீவைண்ட் அமுக்கினேன், டக்குனு நின்னுடுச்சு. இருந்த பரபரப்புல அது ஏன்னு தோணல. ப்ளே அமுக்கினா, அரைக்கால்சட்டையோட ஒரு ஆள் குளத்தங்கரையில நிக்கிறான். 'முதலில் மூச்சை அடக்கிப் பழக வேண்டும்'ங்கிறான். நீச்சல் பாடம் சார்!"

சிரித்துவிடக் கூடாதே என்று மருமகள் அந்த அறிவுரையையே பின்பற்றினார்.

"அங்க யாராவது சிரிச்சாங்களா?" என்றார் சர்வேயர்.

"ட்ராக்கிங் சிரிச்சான். அவன்தான் சார். வேற யாரு?"

ட்ராக்கிங் என்பது இன்னொரு சேகரிப்பாளருடைய பட்டப்பெயர். எந்த வீட்டில் படம் ஓடினாலும் எழுந்து போய், படத்தைச் சீராக்கும் 'ட்ராக்கிங்' குமிழைத் திருகாமல் அவரால் இருக்க முடியாது. நெடுநாள் நண்பர். இந்தப் பாகத்தை அவரும் தேடிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை, அட்டையை மட்டும் பார்க்கிறேன் என்று சொல்லி அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார். அக்கா தேநீர் போட உள்ளே சென்ற நேரத்தில் ஹாலில் தனியாகவும் இருந்திருக்கிறார்.

"அக்கா முன்னாடி வீடியோ கடை வச்சிருந்தா. அதை மூடினப்போ சரக்குல பாதியை அள்ளிட்டுப் போனவன் அவன். அதுலேருந்துதான் இந்த நீச்சல் வந்திருக்கும். நிறத்தைப் பாருங்க சார். என்னோடது கறுப்பு. கறுப்புக்குப் பதிலா நீலம்! கண்ணாடிக் கடைக்காரனுக்கு இதுகூடத் தெரியாதான்னு கேலி."

சர்வேயர் கேசட்டைக் கையில் எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு, விரலால் அதன் விளிம்புகளைத் தடவினார். "உங்க கேசட்டுல லேபிள் எங்க ஒட்டியிருந்துச்சு?"

"முதுகுல மட்டும். மேல்பக்கம் வெறுமை."

"இதுலயும் அப்படித்தான். மேல பதிவு பண்ணிடாம இருக்க ஒரு சின்ன பிளாஸ்டிக் நாக்கை ஒடிச்சுவிடுவாங்களே, அது?"

"ஒடிச்சிருந்துச்சு."

"இதுலயும் ஒடிச்சிருக்கு. நிறத்தைத் தவிர எல்லாம் பொருந்துது." அவர் கேசட்டை மெல்லக் கீழே வைத்தார். "அக்கா என்ன சொல்றாங்க?"

கண்ணாடிக்காரரின் முகம் சுருங்கிவிட்டது. "போனாப் போகட்டும்டான்னா. இந்த ஞாயிறு வரவேண்டாம்னும் சொல்லிட்டா. அவ அப்படிச் சொன்னதே இல்ல சார். எனக்குப் படம்கூட அப்புறம்தான். அக்கா பக்கத்துல உக்காந்து அதைப் பார்க்கணும். அவ்வளவுதான் நான் கேக்கிறது."

*

ட்ராக்கிங்கின் அறையில் ஜன்னலைத் தவிர எல்லாச் சுவர்களிலும் கேசட்டுகள் நின்றன. விண்வெளித் தொடர்கள், காட்டுராணித் தொடர்கள், ஒற்றைக்கண் விஞ்ஞானிகளின் தொடர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு. ஈரம் படாதிருக்கத் தட்டுகளின் ஓரங்களில் சுண்ணக்கட்டிப் பொட்டலங்கள். அவர் வந்தவர்களை உட்காரச் சொல்லவில்லை. உட்கார இடமும் இல்லை.

"நான் சிரிச்சேன். ஒத்துக்கிறேன். வல்லூறு வரும்னு உக்காந்திருந்தா வயிறு பெருத்த ஒருத்தன் வந்து மூச்சை அடக்குங்கிறான். சிரிக்காம என்ன பண்றது? அதுக்காக இத்தனை வருஷப் பழக்கத்துல திருடன்னுட்டாரே!"

"அந்த நீச்சல் கேசட் உங்களோடது இல்லையா?" என்றார் மருமகள், குறுக்கு விசாரணை செய்யும் தோரணையில்.

"யம்மா, எனக்குக் குளிக்கிற தண்ணியிலயே பயம். அக்கா கடையிலேருந்து நான் எடுத்தது தொடர் மட்டும்தான். மிச்சம் இன்னும் அவங்க வீட்டு நடையிலயே இருக்கு. அதையெல்லாம் மனுஷன் வைப்பானா? வாடகைக்கடைச் சரக்கு, அத்தனையும் திருப்பிச் சுத்தினது. நாடா சுருங்கிப் போகும். இங்க கொண்டாந்ததும் எல்லாத்தையும் ஒரு தடவை முழுசா ஓட்டித்தான் அடுக்கினேன்."

சர்வேயர் அனுமதி கேட்டுவிட்டு, வெவ்வேறு தட்டுகளிலிருந்து சில கேசட்டுகளை உருவிப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் நாடா வலது பக்கமே திரண்டிருந்தது. பிறகு தம் பையிலிருந்த நீலக் கேசட்டைப் பார்த்தார். அதில் நாடா முழுவதும் இடது பக்கம் இருந்தது.

"அந்தப் பாகம் கிடைச்சா என்ன பண்ணுவீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

ட்ராக்கிங் தரையைப் பார்த்தார். "நான் தனிக்கட்டை சார். இங்க எல்லாத் தொடரும் இருக்கு. கூட உக்காந்து கத்தத்தான் ஆள் இல்ல. ஞாயித்துக்கிழமை அங்க போனா அந்த ரெண்டு பேர் சண்டையைக் கேக்கலாம். நான் படத்தைப் பார்க்கவா போறேன்?"

*

அக்காவின் வீட்டு வாசலிலேயே ஒரு குரல் கேட்டது. அக்காவின் கணவர், பேருந்துப் பணிமனையில் உதிரிபாகக் கிடங்கைக் கவனித்து ஓய்வு பெற்றவர், செய்தித்தாளைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். இவர்களைக் கண்டதும் சட்டென்று நிறுத்தி, தாளை மடித்து நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டார்.

"சும்மா... தொண்டை கட்டியிருந்தது. படிச்சுப் பார்த்தேன்," என்றார், யாரும் கேட்காமலேயே.

அக்கா சமையலறையிலிருந்து மாவுக் கையோடு வந்தார். உயரமானவர், நடையில் தயக்கம் இல்லை. "தம்பி அனுப்பிச்சவங்களா? வாங்க, வாங்க. அவன் ஒரு கேசட்டுக்காக ஊரையே கூட்டிடுவான். சின்ன வயசுலயும் இப்படித்தான். ஒரு பென்சில் காணோம்னா வகுப்பு முழுக்கப் பையை அவுக்கணும்."

"கண்ணாடி ரொம்ப நல்லா இருக்கே!" என்றார் மருமகள்.

"தம்பி கைவேலை. போன வருஷம் போட்டுக் குடுத்தான். ஜம்முனு தெரியுது."

சர்வேயர் அந்தக் கண்ணாடியைப் பார்த்தார். வலக்கண்ணுக்கு நேர்நடுவே ஒரு மாவுத் துளி காய்ந்து ஒட்டியிருந்தது. நடையிலிருந்த அலமாரியைப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டார்.

மூடிய கடையின் மிச்சங்கள் அங்கே இருந்தன. சமையல் பாடம், நாய் வளர்ப்பு, உடற்பயிற்சிப் பாடங்கள். எடுத்த கேசட்டிலெல்லாம் நாடா இடது பக்கமே இருந்தது.

"ரீவைண்ட் பண்ணாம திருப்பிக் குடுத்தா அபராதம் போடுவேன்," என்று பின்னாலிருந்து அக்கா சிரித்தார். "அதுக்குப் பயந்தே ஊரெல்லாம் திருப்பிச் சுத்தும்."

கண்ணாடிக்காரரின் அத்தான் சிரிக்கவில்லை. அவர் தம் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கையில் மருமகளால் பொறுக்க முடியவில்லை. "மாமா, அந்த வீட்டுக்காரர் மூஞ்சியே சரியில்ல. பேப்பரை ஒளிக்கிறார், தொண்டைங்கிறார். அவர்தானே?"

"அவர் ஒளிக்கிறது உண்மைதான்மா. ஆனா கேசட்டை இல்ல."

"அப்போ என்ன?"

"அந்தத் தொடர்ல, போன வாரம் காட்டாத காட்சியை அடுத்த வாரம் காட்டுவாங்களே, அதுமாதிரி நமக்குக் காட்டாத ஒண்ணு இங்கயும் இருக்கு. அதை நாம காட்டுறது மரியாதையா இருக்காது. ஞாயித்துக்கிழமை எல்லாரையும் அங்கயே வரச் சொல்லு. அக்காகிட்ட நான் பேசிக்கிறேன்."

*

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்காவின் ஹாலில் எல்லோரும் கூடினார்கள். திரைச்சீலைகள் வழக்கம்போல் இழுத்து விடப்பட்டிருந்தன. கண்ணாடிக்காரரும் ட்ராக்கிங்கும் எதிரெதிர்ச் சுவர்களைப் பார்த்து அமர்ந்திருந்தார்கள். அக்கா தொலைக்காட்சிக்கு நேராகத் தம் நாற்காலியில் இருந்தார். அத்தான் அவருக்குப் பின்னால் நின்றார்.

"முதல்ல ஒருத்தரோட பேரைச் சுத்தம் பண்ணிடறேன்," என்று சர்வேயர் தொடங்கினார். "கண்ணாடிக்காரரே, நீங்க ரீவைண்ட் அமுக்கினதும் டெக் டக்குனு நின்னுச்சு. அதாவது உள்ள இருந்தது ஏற்கெனவே திருப்பிச் சுத்தினது. இந்த நண்பர் வீட்டுல அப்படி ஒரு கேசட்கூட இல்ல. கிடைச்சதை எல்லாம் கடைசிவரைக்கும் ஓட்டித்தான் அடுக்குறார். திருப்பிச் சுத்தின கேசட் இந்த வீட்டு நடையிலதான் இருக்கு."

ட்ராக்கிங் சுவரிடமே பேசினார். "கேட்டுக்கோங்க."

"நடையிலேருந்து எடுத்து அவனே வச்சிருக்கலாமே?" என்றார் கண்ணாடிக்காரர், குரல் சற்று இறங்கி.

"வச்சிருக்கலாம். அங்கதான் நிறம் வருது. மாத்தினவர் ரொம்பக் கவனமானவர். லேபிள் முதுகுல மட்டும் இருக்கிறதாப் பார்த்து, நாக்கு ஒடிஞ்சதாப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கார். இவ்வளவு பொருத்தினவர், நடையில அத்தனை கறுப்புக் கேசட் இருக்கும்போது, ஏன் நீலத்தை எடுத்தார்? கேலின்னு நீங்க நினைச்சீங்க. கேலி பண்றவர் மத்ததைப் பொருத்த மெனக்கெட மாட்டார். விரலுக்குத் தெரியுற எதுலயும் இந்தக் கேசட் தப்பவே இல்ல. தப்பினது ஒண்ணே ஒண்ணு."

அவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார். மருமகளின் கை தன்னையறியாமல் வாயைப் பொத்தியது. மடித்து ஒளித்த செய்தித்தாளும், யாரும் துடைக்காத மாவுத் துளியும் அவர் மனத்தில் ஒருங்கே வந்து நின்றன.

"எடுத்தவர் யாருன்னு எனக்குத் தெரியும்," என்றார் சர்வேயர். "அதைச் சொல்ற உரிமை எனக்கு இல்லைங்க. அவங்க சொல்ல வேண்டாம்னு நினைச்சா, இதோட எழுந்து போயிடறேன்."

சர்வேயர் நீலக் கேசட்டைத் தொலைக்காட்சிமேல் வைத்தார்.

"நீலமா அது?" என்றார் அக்கா.

கண்ணாடிக்காரர் திரும்பினார்.

"நீலம்னு எனக்குத் தெரியாதுடா தம்பி. கையில வழவழன்னு அதுமாதிரியே இருந்தது." அக்கா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "பகல்ல ஆள் வந்தா நிழலாத் தெரியும். அவ்வளவுதான் இப்போ."

"நான் போட்டுக் குடுத்த கண்ணாடி..."

"நல்ல கண்ணாடிதான்டா. கண்ணுதான் சரியில்ல."

"டாக்டர்கிட்ட காட்டிட்டோம் மாப்பிள்ளை," என்றார் அத்தான். "நரம்புக் கோளாறு. கண்ணாடியால ஆகாதாம். மிச்சத்தைக் காப்பாத்த மருந்து விடறேன். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா."

"நீ அதை என் மூக்குல மாட்டிட்டு, 'எப்படிக்கா?'ன்னு கேட்டே," என்றார் அக்கா. "ஒண்ணும் தெளியல. ஆனா உன் குரல்ல அவ்வளவு சந்தோஷம். ஜம்முனு தெரியுதுன்னுட்டேன். அன்னைக்கு ஆரம்பிச்சதை எப்படி நிறுத்துறதுன்னு தெரியல. ஊருக்கே கண்ணு பார்க்கிறவன், அக்கா கண்ணைக் கவனிக்கலையேன்னு நீ உடைஞ்சு போயிடுவியேடா."

"ஆனா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பார்த்தியே! வண்டி விழுறப்போ கத்தினியே!"

"எல்லாப் பாகமும் எனக்குத் தலைகீழாத் தெரியும். குதிரைச் சத்தம் நின்னா வண்டி உருளும், ஐயோன்னுடுவேன். கடைசிப் பாகத்துல எங்க ஐயோங்கிறதுன்னு தெரியாதே." அவர் சிரிக்க முயன்றார். "நீ எத்தனை வருஷமாத் தேடினே. எடுத்து ஒளிச்சேன், அவ்வளவுதான். உடைக்கல, ஓட்டல. நாய் வளர்ப்புக்குப் பின்னாடி இருக்கு."

முதலில் எழுந்தவர் ட்ராக்கிங்தான். நடைக்குப் போய், கறுப்புக் கேசட்டைக் கொண்டுவந்து கண்ணாடிக்காரரின் மடியில் வைத்தார்.

"போடுங்க. குமிழை நான் பார்த்துக்கிறேன்."

கண்ணாடிக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். விட வெகுநேரம் ஆயிற்று. பிறகு கேசட்டைச் செருகி, ரீவைண்ட் பொத்தானை அழுத்தினார். இம்முறை டெக் நெடுநேரம் சுழன்றது. அவர் தம் நாற்காலியை அக்காவின் நாற்காலியோடு ஒட்டிப் போட்டார்.

"சொல்லுடா," என்றார் அக்கா.

"மலை. அதே அட்டை மலைதான். இப்போ ஒரு மூலை கிழிஞ்சிருக்கு... வண்டி வருது. வல்லூறு உள்ள இருக்கு. அச்சாணி கழண்டுடுச்சு... விழுந்துடுச்சுக்கா!"

"குதிச்சிருக்கும், பாரு."

"ஆமா, குதிச்சுடுச்சு!"

"பொய்!" என்று அக்கா கத்தினார். "இப்பத்தானே உள்ள இருந்துச்சுன்னே!" அத்தான் கண்களைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

சர்வேயரும் மருமகளும் விடைபெறாமலேயே வாசல் நிலைப்படியருகே வந்து நின்றார்கள். படம் முடியும் தறுவாயில் பேச்சு நின்று, வாத்திய இசை மட்டும் எழுந்தது. திரையில் வல்லூறு குதிரையிலிருந்து இறங்கியது. முகமூடியின் முடிச்சில் கை வைத்தது.

"கழட்டுதுக்கா," என்றார் கண்ணாடிக்காரர்.

முகமூடி நீங்கியது. உள்ளேயிருந்து சிரித்தவர் பள்ளிக்கூட வாத்தியார்.

கண்ணாடிக்காரர் ஒரு கணம் திரையையே பார்த்தார். வாழ்நாள் முழுவதும் அவர் காத்திருந்த முகம் அது.

"தலைமுடி தோள்ல விழுது," என்றார். "தந்தி ஆபீஸ் பொண்ணு. நீ சொன்னதுதான்க்கா."

மருமகள் திடுக்கிட்டு மாமனாரைப் பார்த்தார். "மாமா, அது..."

"நம்ம வேலை முடிஞ்சுதும்மா," என்றார் சர்வேயர் மெல்ல. ட்ராக்கிங் குமிழின்மேல் வைத்த கையை எடுக்காமல், திரும்பாமல் நின்றார்.

இசை அடங்கி, திரையில் வெறும் புள்ளிகள் மட்டும் பொரிந்தன.

"சின்ன வயசுல உன் மண்டையை உடைச்சேன். அப்பவும் வாத்தியார்தான்னு நின்னவன் நீ," என்றார் அக்கா கடைசியில். "இப்போ இவ்வளவு சுலபமாத் தோத்துட்டியே."

"தோத்துட்டேன்க்கா."

அக்காவின் கை இருட்டில் நீண்டு தம்பியின் முகத்தைத் தேடிப் பிடித்தது. ஈரமாயிருந்த கன்னத்தைத் துடைத்தது.

"சரி, ரீவைண்ட் பண்ணி வை," என்றார். "இந்த வீட்டுல அதுதான் சட்டம். அடுத்த ஞாயிறு வா. இதையே மறுபடி சொல்லு. அப்பவும் அவதான் வர்றாளான்னு கேக்கிறேன்."